பாடியவர்: அக்கா, இருமியவர்: அத்தான்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று லிஃப்ட் ரிப்பேர். இரண்டு சொன்ன பேச்சைக் கேட்டன. மூன்றாவது, பல் டாக்டர்கள் இருக்கும் அந்த ஆறு மாடிக் கட்டடத்தில், நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே நின்றுகொண்டு அடம் பிடித்தது. பார்த்தால், கதவு ஓடும் தடத்தில் ஒரு பென்சில் துண்டு. அதை எடுக்க ஒன்றரை மணி நேரம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். இடுப்புக்கு இப்போது என்னோடு பேச்சுவார்த்தை இல்லை.

வீட்டுக்கு வந்தால் ஜன்னலோரம் அக்கா, மடியில் போன். திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும் போன் அது. உள்ளே இருக்கும் பெண்குரல், பாட்டின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, "கேள்விக்குறி கேள்விக்குறி கேள்விக்குறி அடிக்கோடு சைபர் ஏழு" என்று படித்தது. அக்கா விரலால் தள்ளினாள். மறுபடியும் கேள்விக்குறி. மறுபடியும் தள்ளினாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

தையல் கடையில் இருபத்தாறு வருடம் மெஷினை மிதித்தபடி பாட்டுக் கேட்டவள். நாலாயிரத்துச் சொச்சம் பாட்டு, ஒவ்வொன்றாய் அவளே சேர்த்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை கொஞ்சம் கொஞ்சமாய்ப் போய், கடையை யாருக்கோ விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்து பதினோரு மாதம் ஆகிறது. அத்தான் தவறி ஒன்பது வருடம். அவளுக்கு நான், எனக்கு அவள், அவ்வளவுதான் எங்கள் கூட்டம்.

"என்னக்கா, அந்தம்மா வெறும் கேள்வியாவே கேக்குது?" என்றேன்.

"பதில் தெரியாதவகிட்ட ஏன் கேக்குறேன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன்" என்றாள்.

நல்ல ஜோக்தான். ஆனால் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மார்ச் 8, சனி

விஷயம் புரிந்துவிட்டது. ஒவ்வொரு பாட்டு ஃபைலுக்குள்ளும் ஒரு சின்னக் குறிப்பு ஒட்டியிருக்கிறது. டேக் என்கிறார்கள். தலைப்பு, பாடியவர், இசை, படம், வருடம், வகை. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, "சட்டைக் காலருக்குள்ள நீ தைப்பியே லேபிள், அதுதான்" என்றேன். உடனே பிடித்துக்கொண்டாள்.

அந்த லேபிள்கள்தான் நாறிக் கிடக்கின்றன. பழைய எழுத்துருவில் யாரோ தமிழில் அடித்தது இப்போது கேள்விக்குறியாகத் தெரிகிறது. சிலவற்றில் பாடியவர் இருக்கும் இடத்தில் ஏதோ கம்ப்யூட்டர் கடையின் விளம்பரம். சிலவற்றில் "தெரியவில்லை". பாதி பாட்டு "தெரியவில்லை" என்ற ஒரே ஆள் பாடியது. மகா உழைப்பாளி.

சாயங்காலம் உட்கார்ந்து பதினொரு பாட்டுக்குச் சரியாக அடித்தேன். மொத்தம் 4,126. கணக்குப் பார்த்தால் எனக்கு ஓய்வு வயது வந்துவிடும்.

அக்கா "உம்" என்றாள்.

மார்ச் 12, புதன்

இன்று ஏழு பாட்டு. அதில் இரண்டு ஒரே பாட்டு.

மார்ச் 15, சனி

சனிக்கிழமைதோறும் டீச்சர் வருவார். அக்காவுக்கு வெள்ளைக் கோல் பிடித்து நடக்கச் சொல்லித் தருகிறவர். அவருக்கும் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறிப் போய்க் கதவைத் தட்டுவார்.

இன்று டீ போட்டு எடுத்துக்கொண்டு போனபோது இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். மேஜை மேல் ஒரு விண்ணப்பம். பார்வையற்ற பெண்களுக்கான விடுதி. மே முதல் தேதி சேர்க்கை. கீழே அக்காவின் கையெழுத்து, கோட்டுக்கு மேலே ஏறி, தள்ளாடி.

பார்த்துவிட்டேன் என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரியாது. டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் என்ன குறை வைத்தேன்?

மார்ச் 16, ஞாயிறு

கேட்டேவிட்டேன். காலையிலேயே, பல்கூடத் தேய்க்காமல்.

அக்கா கோபப்படவில்லை. குறையெல்லாம் ஒன்றுமில்லை என்றாள். நான் கதவு திறக்கிறேன், டீ தருகிறேன், துணி மடிக்கிறேன், செருப்பைக் காலருகே கொண்டுவந்து வைக்கிறேன். அதுதான் என்றாள்.

"உன் வீட்டுல நான் ஒரு சாமான் மாதிரி இருக்கேன்டா. நகத்தி வெச்சா நகருவேன். இல்லன்னா அங்கயே இருப்பேன்."

போய்ப் பல் தேய்த்தேன்.

பிறகு யோசித்தேன். மே முதல் தேதிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் அந்த 4,126ஐயும் முடித்துக் கையில் கொடுத்துவிட்டால்? நினைத்த பாட்டு நினைத்த நொடியில். அப்புறம் எங்கே போகப் போகிறாள்.

மார்ச் 21, வெள்ளி

வேலையிடத்தில் ஏணியிடம் புலம்பினேன். ஏணி என்பது ஆள்தான். ஆறடி மூன்று அங்குலம், என்னைவிட எட்டு வயது மூத்தவர், மேலே கை வைக்க வேண்டிய வேலையெல்லாம் அவருக்கு. "பைத்தியக்காரா, ஒவ்வொண்ணா அடிக்கிறியா?" என்றார். ஒரு புரோகிராம் இருக்கிறதாம். பாட்டைத் தானே கேட்டு, இது இன்ன பாட்டு என்று கண்டுபிடித்து, லேபிள் எழுதி, பெயர் மாற்றி, பாடகர் வாரியாக அடுக்கியும் வைத்துவிடுமாம். மெமரி கார்டைப் போட்டுவிட்டுத் தூங்கு என்றார்.

பொங்கி வருகிறது சந்தோஷம்.

மார்ச் 23, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அக்கா குளிக்கப் போனதும் கார்டை எடுத்தேன். ஐம்பது நிமிடம். 4,126க்கும் லேபிள். அக்காவிடம் சொல்லவில்லை. கார்டைப் போனில் திரும்பப் போட்டு, அவள் வைத்த இடத்திலேயே வைத்தேன். கேட்டதும் அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்க வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

மாறியது.

சாயங்காலம் நான் வந்தபோது போனைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளிக்கொண்டே இருந்தாள். தள்ளுவாள், கேட்பாள், தலையைச் சாய்ப்பாள், மறுபடி முதலிலிருந்து. "கார்டு கெட்டுப் போச்சுபோலடா" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். மழைப் பாட்டுக்குக் கார் பந்தயத்தின் பெயர். தாலாட்டுக்கு யாரோ வெளிநாட்டு டமாரக் கோஷ்டியின் பெயர். கடையில் இருந்தபோது வாடிக்கையாளர் அளவுகளை அக்கா தன் குரலில் பதிந்து வைப்பாள், அதுவும் அதே கார்டில்தான் இருக்கிறது. "பேங்க் மேனேஜர், தோள் பதினேழரை, கை இருபத்துநாலு, வயிறு கேக்காதீங்க" என்று ஒன்று. அதற்கு அந்தப் புரோகிராம் வைத்த பெயர் ஏதோ தேவாலயச் சேர்ந்திசைக் குழு.

அதுகூடச் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது வேறு. அக்கா பெயர் கேட்டுப் பாட்டுப் போடுவதில்லையாம். கார்டில் பாட்டுகளைப் பிரித்து வைத்திருந்த ஃபோல்டர் பெட்டிகளை எண்ணி வைத்திருந்தாள். மூன்றாவது பெட்டி, பதினாலு தள்ளு, அந்த வீணைப் பாட்டு. ஐந்தாவது பெட்டி, கீழிருந்து ஏழு, சித்தப்பாவுக்குப் பிடித்த பாட்டு. பதினோரு மாதமாய் அந்த நாலாயிரத்தில் பாதியை விரலால் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். கேள்விக்குறியை அவள் காதிலேயே வாங்கவில்லை. நான்தான் வாங்கினேன்.

எல்லாம் கலைந்துவிட்டது. பெட்டிகள் போய் நூற்றுக்கணக்கில் புதுப் பெட்டிகள். நகல் எடுத்து வைக்கவில்லை. மெயின் சுவிட்சை அணைக்காமல் ஒரு லிஃப்டில் கை வைத்திருப்பேனா? இருபது வருடத்தில் ஒரு நாள்? இதில் மட்டும் எப்படிடா கைய வெச்சே, முட்டாப் பயலே.

அவளிடம் என்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாயிருக்கிறது. "ஆமாக்கா, கார்டு கெட்டுருக்கும்" என்றேன்.

மார்ச் 26, புதன்

அக்கா போனைத் தொடவில்லை.

மார்ச் 28, வெள்ளி

தொடவில்லை. நான் டீ வைத்தேன், குடித்தாள். துணி மடித்தேன், நன்றி என்றாள். என் அக்கா எனக்கு நன்றி சொல்கிறாள்.

மார்ச் 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன். புரோகிராம், ஏணி, ஐம்பது நிமிடம், பொய், எல்லாம். நின்றுகொண்டே சொன்னேன்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றபிறகு அக்கா, மெதுவாக:

"கண்ணு போனப்போ, அது என் ஒடம்பு பண்ணின வேலை. யாரையும் திட்ட முடியல. விரலால அந்தப் பாட்டையெல்லாம் திரும்பப் புடிச்சு வெச்சிருந்தேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடா?"

கேட்டிருக்கலாம். அவ்வளவுதான். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. பதினோரு மாதத்தில் செருப்பை எங்கே வைக்கட்டும் என்றுகூட நான் கேட்டதில்லை.

அழுதுவிட்டேன். நாற்பத்தாறு வயதில். அக்கா அதையும் காதால் பார்த்துவிட்டு, "மூக்கச் சிந்திட்டு வந்து ஒக்காரு, திருகாணி" என்றாள். சின்ன வயதில் எதைக் கண்டாலும் திருகிக் கழற்றுவேன் என்று அவள் வைத்த பெயர். இங்கே வந்தபிறகு ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

"சரி. இப்ப கேளு" என்றாள்.

"லேபிள்ல என்னக்கா எழுதணும்?"

ஏப்ரல் 2, புதன்

அவள் சொல்கிறாள், நான் அடிக்கிறேன். தினம் வேலை விட்டு வந்ததும் ஒன்றரை மணி நேரம்.

பாட்டு ஆரம்பித்து இரண்டு நொடிதான். தபேலாவில் முதல் தட்டு விழுந்ததும் தலைப்பு, பாடியவர், படம், வருடம் எல்லாம் வந்து விழுகிறது. எனக்கு அடிக்கத்தான் நேரமாகிறது. "உன் விரல் என்னடா, வாடகைக்கு எடுத்த மாதிரி நடக்குது" என்கிறாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று முழுநாள். 212 பாட்டு.

சண்டையும் வந்தது. "வகை" என்ற இடத்தில் நான் காதல், சோகம், பக்தி என்று போடப் பார்த்தேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. சோகப் பாட்டு என்று ஒன்று கிடையவே கிடையாதாம். மெதுவாய்த் தைக்க வேண்டியபோது கேட்கிற பாட்டுதான் உண்டாம். அவள் சொன்ன வகைகள்: துணி வெட்டும்போது. நேர்த் தையல். ஓரம் மடிக்கும்போது. காஜா எடுக்கும்போது, அதாவது பொத்தான் துளைக்கு. பிரித்துத் தைக்கும்போது. இஸ்திரி.

பிரித்துத் தைக்கும்போது என்ன பாட்டு என்று கேட்டேன். தப்பாய்த் தைத்துவிட்டோம் என்ற கடுப்பில் இருக்கும்போது கேட்பது. குரல் கொஞ்சம் கெஞ்ச வேண்டும் என்றாள். போட்டுக் காட்டினாள். உண்மைதான். கெஞ்சியது.

ஏணியிடம் சொன்னேன். அவர் வீட்டிலும் இனி "காய் நறுக்கும்போது" என்று ஒரு வகை வைக்கப் போகிறாராம்.

ஏப்ரல் 12, சனி

அளவுப் பதிவுகள் மொத்தம் 63. அழித்துவிடலாமா என்று கேட்டேன். (இப்போதெல்லாம் கேட்கிறேன்.) கடை போய்விட்டது, இனி யாருக்குச் சட்டை தைக்கப் போகிறாள்.

ஒன்றைப் போடச் சொன்னாள். "ஸ்கூல் பாப்பா, பாவாடை நீளம் இருபத்தொண்ணு, வளர்ற புள்ள, மடிச்சு விடணும்." அவள் குரல்தான், பத்துப் பன்னிரண்டு வருடம் இளசு. பின்னால் மெஷின் சத்தம். அதற்கும் பின்னால் யாரோ இருமினார்கள்.

மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும்.

"உங்க அத்தான்டா" என்றாள். "காலர்ல பசை தடவிட்டு இருப்பாரு. அந்தப் பசை அவருக்கு ஒத்துக்காது. விடுய்யான்னா விடமாட்டாரு."

63ஐயும் கேட்டோம். பத்தொன்பதில் இருமல். ஒன்றில் "டீ வந்தாச்சு" என்கிறார், இரண்டே வார்த்தை. அக்கா அழுவாள் என்று பயந்தேன். அவள் என்னைவிடத் தெளிவாக இருந்தாள்.

"பாடியவர்னு ஒரு எடம் இருக்குல்ல? என் பேரப் போடு. குறிப்புன்னு ஒண்ணு இருக்குல்ல? இருமியவர் அத்தான்னு போடு."

போட்டேன். பத்தொன்பது தடவை அடித்தேன். ஒரு தடவை அடித்து நகல் எடுத்து ஒட்டியிருக்கலாம். தோன்றவில்லை.

போனில் வைத்துச் சோதித்தோம். அந்தப் பெண்குரல் ஒரு சிரிப்பும் இல்லாமல், செய்தி வாசிப்பதுபோல், "குறிப்பு: இருமியவர் அத்தான்" என்றது. அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து சரிந்து. இந்த வீட்டில் அந்தச் சிரிப்பு கேட்பது இதுவே முதல் தடவை.

ஏப்ரல் 19, சனி

இந்த வாரம் முழுக்க இரண்டு ஷிஃப்ட். ஒரு நாளும் உட்கார முடியவில்லை. இன்று மத்தியானம் குற்ற உணர்ச்சியோடு ஓடி வந்தால், அக்கா என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் டீச்சர். கம்ப்யூட்டர் பேசுகிறது. டீச்சர் திங்கட்கிழமையே வந்து ஏதோ போட்டுவிட்டிருக்கிறார். அடிக்கிற ஒவ்வோர் எழுத்தையும் அது திருப்பிச் சொல்கிறது. அக்கா ஒரு விரலால், கோழி கொத்துவதுபோல், அடிக்கிறாள்.

வாரத்தில் 140 பாட்டு முடித்திருக்கிறாள். நானில்லாமல். ஒரு பிழைகூட இல்லை. இல்லை, இரண்டு ஒற்று விட்டுப்போயிருந்தது.

சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். ஆனால் உள்ளே ஏதோ குத்தியது. தினம் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக நான் லிஃப்டுகளை விரட்டி விரட்டிச் சரிசெய்து கொண்டிருந்தேன் என்பது இன்றுதான் எனக்கே தெரிந்தது. அவளுக்கு நான் வேண்டியிருந்ததா, எனக்கு அவள் வேண்டியிருந்தாளா?

சமையலறையில் போய் மூன்று டம்ளர் டீ போட்டேன். செருப்பை மட்டும் எடுத்து வைக்கவில்லை. அவளே தேடிப் போட்டுக்கொண்டு டீச்சரைக் கீழே வரை வழியனுப்பினாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

விடுதிக்குப் போவதாகத்தான் இருக்கிறாள். சொல்லிவிட்டாள். ஒரு மாதம் அங்கே கம்ப்யூட்டர் பயிற்சி; அதன் பிறகு அங்கேயே இருப்பதா இல்லையா என்று அவள் முடிவு செய்வாளாம்.

"நீ போக வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றாள்.

நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, என்ன எடுத்து வைக்கணும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம், எடுத்து வைத்தாயிற்று என்றாள்.

மே 1, வியாழன்

விட்டுவிட்டு வந்தேன். அகலமான தாழ்வாரம், சுவரோரம் பிடித்து நடக்கக் கம்பி. லிஃப்ட் உண்டு, கதவு கொஞ்சம் உரசுகிறது. அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்தேன்.

மே 4, ஞாயிறு

ஒரு டம்ளர் டீ போட வரவில்லை எனக்கு. அளவு தெரியாமல் இரண்டாகிறது.

மே 13, செவ்வாய்

அக்கா போன் செய்தாள். விடுதியில் முப்பத்திரண்டு பேராம். ஒருவர் போனிலும் பாட்டு லேபிள் ஒழுங்காக இல்லையாம். நம் கார்டைப் பார்த்துவிட்டு எல்லோரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "பாத்திரம் தேய்க்கும்போது", "பஸ்ஸுக்கு நிற்கும்போது" என்று ஆளுக்கொரு வகை கேட்கிறார்கள். டெலிபோன் ஆபரேட்டர் ஒருத்தி மட்டும் "அவர் ஞாபகம் வரும்போது" என்று ஒன்று வேண்டும் என்றாளாம். எந்த அவர் என்று அக்கா கேட்கவில்லையாம்.

இருபது நிமிடம் பேசினாள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க மறந்துவிட்டாள். வைத்தபிறகுதான் கவனித்தேன். திரும்ப அழைத்துக் கேட்டாள்.

ஜூன் 1, ஞாயிறு

வந்துவிட்டாள்.

டீச்சரோடு பஸ்ஸில் வந்து, தெருமுனையில் இறங்கி, தனியாகக் கோலைத் தட்டிக்கொண்டு மாடி ஏறினாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஓடிப்போய்க் கை கொடுக்கக் கால் துடித்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கையில் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் இருபத்தேழு மெமரி கார்டு, ஒவ்வொன்றிலும் நூலில் முடிச்சு: ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, யாருடையது என்று தெரிய. இதுபோக, பார்வையற்றோர் சங்கத்தின் ஒலி நூலகத்தில் பதினெட்டாயிரம் பதிவுகள் லேபிள் இல்லாமல் கிடக்கின்றனவாம். பாட்டு, நாடகம், பேச்சு, எல்லாம். அந்த வேலையை அக்காவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சம்பளத்தோடு.

விடுதியிலேயே இருந்து செய்யலாமே, இடம் தருவதாகச் சொன்னார்களே என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"இடம் இருக்குடா. மேஜைதான் சின்னது" என்றாள்.

ஜூன் 2, திங்கள்

என் மேஜையை அவள் எடுத்துக்கொண்டாள். இதை நான் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

அக்கா என்னை அதட்டினாள். வேலை நேரத்தில் வந்து சாப்பிட்டியா சாப்பிட்டியா என்று கேட்கக் கூடாதாம். பசித்தால் அவளே எழுந்து போவாளாம். காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிக் கழற்றி மாட்டுவதில் வேலை கெடுகிறதாம்.

முட்டை அவித்து அவள் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தேன். "உப்பு?" என்றாள்.

ஆகஸ்ட் 20, புதன்

வெளியூரில் புதுக் கட்டடம், எட்டு லிஃப்ட், நான்கு நாள் வேலை. இத்தனை மாதமும் வெளியூர் வேலை வந்தாலே ஏணியின் தலையில் கட்டிவிடுவேன். இந்தத் தடவை நானே பெயர் கொடுத்தேன்.

கிளம்பும்போது அக்கா போனில் யாரோடோ வாதாடிக்கொண்டிருந்தாள். ஒலி நூலகத்துக்கு ஏதோ பழைய நாடகம் வந்திருக்கிறது. அதில் வரும் கிழவர் குரல் இன்னாருடையது என்று எதிர்முனை சொல்கிறது. இல்லவே இல்லை, அது ஒரு பெண் கரகரப்பாய்ப் பேசுவது, மூச்சு இழுக்கிற இடத்தைக் கேளுங்கள் என்று அக்கா சொல்கிறாள். திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டுகிறாள்.

போயிட்டு வரேன் என்றேன். கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன். கையை மட்டும் ஆட்டினாள், ஈ ஓட்டுவதுபோல். பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். கேஸை மூடியாச்சா, சாவி அவளிடம் ஒன்று இருக்கிறதா, டீச்சர் நம்பர் முதல் இடத்தில் இருக்கிறதா. எல்லாம் இருந்தது. அப்புறமும் நின்றேன்.

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னடா, இன்னும் போகலையா?"

பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. ரோடு சரியில்லை, வேறொன்றுமில்லை.